பீரங்கி எந்தப் பக்கம்

1971-இல் போர் நடந்த டிசம்பரில், கும்மிடிப்பூண்டி போகும் ரயிலில் என் எதிரே ராணுவ முகாமில் சமைப்பவர் ஒருவர் தன் தங்கையோடு உட்கார்ந்திருந்தார்.

"பிளேனைச் சுடுற பீரங்கி ஒண்ணுதாம்மா கீது. துறைமுகத்துல வெக்கிறதா, எண்ணூர் பவர் ஹவுஸ்லயான்னு ஆபீசரு டெய்லி பூவா தலையா போட்டுத்தான் முடிவு பண்றாரு."

"இன்னாண்ணா, உசுரு இன்னா வெளையாட்டா?"

"ஒரே எடத்துல வெச்சா, எதிரி இன்னொண்ணுல குண்டு போட்டுருவான். நமக்கே முன்னாடி தெரியலன்னாதான் அவனுக்கும் தெரியாது."

"இன்னிக்கு எங்க?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "துறைமுகத்துல."

"ஐயோ, எங்க ஊட்டுக்காரரு பவர் ஹவுஸ்லதானே வேலை செஞ்சிக்கினு கீறாரு!"

எண்ணூரில் வண்டி நின்றது. அண்ணன் கையைப் பிடித்துத் தடுத்தும் கேளாமல் அவள் இறங்கி, பவர் ஹவுஸை நோக்கி ஓடினாள்.