நன்றி என்றால் போதும் என்று பொருளா?

அவைத் தலைவி அவர்களே! மேடையின் இடமுனையில் வீற்றிருக்கும் மனவியல் பேராசிரியை நோயெமி அவர்களே! அவருக்குப் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தும், வலமுனைக்குப் போய் வீற்றிருக்கும் மூளையியல் பேராசிரியர் எவாரிஸ்தோ அவர்களே! பாரானா ஆற்றுக் காற்றில் வளர்ந்த ரொசாரியோ நகரத்துப் பெரியோர்களே! பிள்ளை என்ன படிக்கிறது என்று கடைசிவரை புரியாமலே, மிலனேசா இறைச்சி வறுத்துப் போட்டு வளர்த்த தாய்மார்களே! நேற்று என் தலையில் முட்டை உடைத்த நண்பர்களே! உங்கள் அனைவருக்கும் என் வணக்கம். மாவு வாசம் இன்னும் போகாத வணக்கம்!

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள்! கடைசித் தேர்வு முடித்து வெளியே வருகிறவரை முட்டையாலும் மாவாலும் முழுக்காட்டுவது நம் வழக்கம். ஆனால் எனக்கு மட்டும் இரண்டு முழுக்கு! மாடியில் மனவியல்காரர்கள் ஒரு முறை கொட்டினார்கள். துடைத்துக்கொண்டு இறங்கினால், கீழ்த்தளத்தில் மூளையியல்காரர்கள் வாளியோடு நிற்கிறார்கள். "மேல கொட்டினதெல்லாம் செல்லாது ரொமி, இதுதான் ஒரிஜினல்!" என்றார்கள்.

அவையோரே, ஒரே பட்டத்தில் மனத்தையும் மூளையையும் சேர்த்துப் படிக்கும் இந்தப் படிப்பின் முதல் அணி நாங்கள். எங்கே படித்தோம்? மாடியிலா? இல்லை. கீழ்த்தளத்திலா? இல்லை. படிக்கட்டில் படித்தோம்! மேலே கனவு, கீழே நரம்பு. மேலே கண்ணீர், கீழே கண்ணாடித் தகடு. மூச்சு வாங்க மேலே ஓடினால், "என்ன ரொமி, மூளைய வெட்டிட்டு வந்தியா? உள்ள மனசு கிடைச்சுதா?" என்பார்கள். கீழே ஓடினால், "வாங்கம்மா, யாரு கனவுக்குப் பலன் சொல்லிட்டு வர்றீங்க?" என்பார்கள். என் அத்தை இருக்கிறாரே, அதோ, முகத்தை மறைத்துக்கொள்கிறாரே, அவர் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: "ரெண்டுங்கெட்டான் படிப்பு!"

ரெண்டுங்கெட்டான்! அந்தச் சொல்லை ஐந்து ஆண்டும் சுமந்தேன். அது உண்மைதானோ என்று நானே சந்தேகப்பட்ட நாள்கள் உண்டு. அந்தச் சந்தேகம் எங்கே தீர்ந்தது? வகுப்பிலா? தேர்விலா? கூடி உட்கார்ந்து ஒன்றையே மாறி மாறி உறிஞ்சுகிறோமே, அந்த மாத்தே இலைத்தேநீர்க் குடுவையில் தீர்ந்தது!

முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஓஸ்வால்தோ அவர்களை உங்களுக்குத் தெரியும். தெரியாமல் இருக்குமா? வாரக் கடைசியில் நீங்கள் கூடி நின்று திட்டிய கால்பந்து நடுவர் அல்லவா! அவர் விசில் ஊதினால் பாதி ஊர் பாராட்டும், பாதி ஊர் அவர் அம்மாவை விசாரிக்கும். அவருக்குப் பக்கத்தில் அவர் மனைவி எல்விரா. இந்தக் கதையைச் சொல் என்று இருவரும்தான் எனக்கு உத்தரவு கொடுத்தார்கள்.

போன ஆண்டு ஓஸ்வால்தோவுக்கு மூளையில் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது. உயிர் பிழைத்தது. வலது கை தளர்ந்தது. பேச்சு போயிற்று. எல்லாச் சொற்களும் போய், ஒரே ஒரு சொல் மட்டும் நாவில் தங்கியது. எந்தச் சொல் தெரியுமா? 'நன்றி'! ஆடுகளத்தில் ஆயுள் முழுக்க யாருக்கும் நன்றி சொல்லாத மனிதருக்கு மிஞ்சியது அந்த நன்றி!

பேராசிரியர் எவாரிஸ்தோ படம் எடுத்துப் பார்த்தார். "பேச்சுக்கான இடம் பழுதாகியிருக்கிறது. எதைச் சொல்ல நினைத்தாலும் இந்த ஒரு சொல்தான் வரும்" என்றார். சரிதான். பேராசிரியை நோயெமி வீட்டாரைக் கேட்டுப் பார்த்தார். "மனிதர் ஒதுங்குகிறார். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்புகிறார். அதில் மனைவியின் மனம் புண்பட்டிருக்கிறது" என்றார். அதுவும் சரிதான். இரண்டும் சரி! ஆனால் வீடு சரியாகவில்லையே! ஓஸ்வால்தோ நாளுக்கு நாள் வாடினார். எல்விரா நாளுக்கு நாள் உடைந்தார். கடைசியில், சாந்தா ஃபேயில் இருக்கும் முதியோர் இல்லத்துக்குப் பேசி முடித்துவிட்டார். அடுத்த வாரம் வண்டி வரும் என்ற நிலையில், பயிற்சிக்காக நான் அந்த வீட்டுக்குப் போனேன்.

எல்விரா கதவைத் திறந்ததுமே சொன்னார்: "வா பொண்ணே. நீ மாடியா, கீழயா?"

"ரெண்டும்தாங்க."

"அப்ப ரெண்டு மடங்கு சாப்பிடு" என்று உட்கார வைத்தார். மாத்தே போட்டார். முதல் குடுவை அவருக்கு, அடுத்தது எனக்கு, அடுத்தது கணவருக்கு. ஓஸ்வால்தோ இடது கையால் வாங்கி உறிஞ்சிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "நன்றி" என்றார். அடுத்த சுற்று வந்தது. குடுவை எல்விராவிடமிருந்து என்னிடம் வந்தது, என்னிடமிருந்து எல்விராவிடம் போனது. ஓஸ்வால்தோ சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

அவையோரே, உங்களைக் கேட்கிறேன். மாத்தே குடுவையைத் திருப்பிக் கொடுக்கும்போது 'நன்றி' என்று சொன்னால் நம் ஊரில் என்ன பொருள்? உரக்கச் சொல்லுங்கள்! ஆம், 'போதும்! எனக்கு இனி வேண்டாம்!' இன்னும் வேண்டுமென்றால் வாய் திறக்காமல் கொடுப்போம். பால்குடி மறந்ததும் நமக்குப் பழக்கிய பாடம் அல்லவா இது! எனக்கும் அப்போது எதுவும் தோன்றவில்லை. நானும் இந்த ஊர்க்காரிதானே!

அந்த நேரத்தில் தொலைக்காட்சியில் ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. கோட்டு நடுவர் தப்பாகக் கொடியைத் தூக்கினார். அவ்வளவுதான்! ஓஸ்வால்தோ நாற்காலியில் எகிறினார். முகம் சிவந்தது. முஷ்டியை ஆட்டினார். "நன்றி! நன்றி!! நன்றி!!!" என்று கத்தினார்.

எல்விரா தலையில் அடித்துக்கொண்டார். "யோவ் கெழவா, தெருவே கேக்குது! பாத்தியா பொண்ணே, அந்த ஆளத் திட்ட மட்டும் உயிர் வருது. நான் ஆசையா மாத்தே கொடுத்தா, போதும்னு மூஞ்சியத் திருப்பிக்கிறாரு. என் கையால குடிக்கப் பிடிக்கல. என்னையே பிடிக்கல. அங்கயாவது நல்லா இருக்கட்டும்."

"போதும்னு சொன்னாரா? எப்பங்க சொன்னாரு?"

"இப்பத்தான் நீயே காதால கேட்டியே. அதான் நன்றின்னாரே!"

"டீவியப் பாத்து என்ன சொன்னாரு?"

எல்விரா டீவியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கணவரைப் பார்த்தார்.

"கொடியத் தூக்கினவனத் திட்டினதும் நன்றிதான்" என்றார் மெதுவாக. "அப்ப... எனக்குச் சொன்னது?"

"தெரியலங்க. ஊத்திக் கொடுத்துப் பாருங்க."

ஊற்றினார். நீட்டினார். ஓஸ்வால்தோ வாங்கினார். கண்ணை மூடி உறிஞ்சினார். குடுவை சத்தம் போடும்வரை உறிஞ்சினார். "நன்றி" என்றார். எல்விரா மீண்டும் ஊற்றினார். "நன்றி!" மீண்டும். "நன்றி!" ஃபிளாஸ்க் காலியாகும்வரை அந்த மனிதர் நிறுத்தவில்லை! எல்விரா அழுதுகொண்டே சிரித்தார். "அட பாவி மனுசா, இத்தன மாசமா தவிச்சுக்கிட்டா இருந்தே!" என்று அவர் வழுக்கைத் தலையைக் கட்டிக்கொண்டார். அடுத்த வாரம் வந்த வண்டி காலியாகத் திரும்பிப் போனது.

எண்ணிப் பாருங்கள் அவையோரே! ஒரு சொல்தான் மிஞ்சியிருக்கிறது என்று எல்விராவுக்குத் தெரியாதா? தெரியும்! மருத்துவர் சொல்லியிருக்கிறார், தலைக்குத் தெரியும். ஆனால் கைக்குத் தெரியவில்லையே! நன்றி என்ற ஒலி காதில் விழுந்ததும், யோசிக்கும் முன்பே கை அடுத்தவர் பக்கம் போய்விட்டது. வாழ்நாள் பழக்கம் அல்லவா! அதுவும் மூளையின் வேலைதானே! நாம் என்ன செய்தோம்? ஓஸ்வால்தோவின் மூளையைப் பார்த்தோம், எல்விராவின் மனத்தைப் பார்த்தோம். பார்க்க வேண்டியது எது? எல்விராவின் மூளையையும், ஓஸ்வால்தோவின் மனத்தையும்! நோயாளிக்கு மட்டுமா மூளை? நலமானவருக்கு மட்டுமா மனம்? கீழ்த்தளம் மட்டும் படித்திருந்தால் அந்தச் சொல்லுக்குப் பொருளே இல்லை என்றிருப்பேன். மாடி மட்டும் படித்திருந்தால் அந்தச் சொல்லுக்குள் ஆயிரம் பொருள் தேடியிருப்பேன். படிக்கட்டில் நின்றதால் அல்லவா "ஊத்திக் கொடுத்துப் பாருங்க" என்றேன்!

அத்தை, கேட்டுக்கொள்ளுங்கள்! நாங்கள் ரெண்டுங்கெட்டான்கள் அல்ல. இரண்டும் கற்றவர்கள்!

கைதட்டியது போதும், எவாரிஸ்தோ ஐயாவே எழுந்து நோயெமி அம்மாவின் பக்கத்து நாற்காலிக்கு வந்துவிட்டார். இதற்கே இன்னொரு பட்டம் தரலாம்!

என்ன சத்தம் முன்வரிசையில்? "நன்றி" என்கிறார் ஓஸ்வால்தோ. நிறுத்து என்கிறாரா, இன்னும் பேசு என்கிறாரா? சொல்லைக் கேட்காதீர்கள் அவையோரே, குரலைக் கேளுங்கள்! கடிகாரத்தைத் தட்டிக் காட்டுகிறார். கூடுதல் நேரமும் முடிந்துவிட்டதாம். நடுவர் தீர்ப்பு, மறுபேச்சு கிடையாது.

மேடையில் ஏறியவர் நன்றி சொல்லி முடிக்க வேண்டும். ஆனால் நான் சொல்ல மாட்டேன். என் ஆசிரியர்களைப் பார்த்து, என்னை வளர்த்த உங்களைப் பார்த்து, போதும் என்று எப்படிச் சொல்வேன்? எனக்குப் போதவில்லை! இன்னும் ஊற்றுங்கள்! நான் குடுவையைப் பேசாமல் நீட்டுகிறேன். அந்த ஒரு சொல்லை, அதைத் தவிர வேறு சொல் இல்லாதவரிடமே விட்டுவிடுகிறேன். ஓஸ்வால்தோ ஐயா, எல்விராவைப் பார்த்து ஒரு தடவை சொல்லுங்கள்.

கேட்டீர்களா? எதற்கு அழுகிறீர்கள் எல்விரா அம்மா? அதற்கு என்ன பொருள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா?

வணக்கம்!