மூன்றாவது சனிக்கிழமையும் காய்ச்சல்

மேடம்: ...காலர்ல என்ன, ஊசியா? எடுங்க முதல்ல. கூர்மையா எதுவும் இந்த ரூமுக்குள்ள வரக் கூடாது.

டெய்லர்: மறந்துட்டேன் மேடம். குளிக்கும்போது மட்டும்தான் ஊசி இல்லாம இருப்பேன்.

மேடம்: சிரிக்க வைக்காதீங்க. கோர்ட் உத்தரவு. நீங்க மகளைப் பார்க்கிற ஒரு மணி நேரமும் நான் பக்கத்துல உட்காரணும், பேசறதை எல்லாம் எழுதணும்.

டெய்லர்: பத்தரை ஆச்சு. இன்னும் காணோமே...

மேடம்: அவளுக்கு... காய்ச்சலாம். அவ அம்மா போன் பண்ணாங்க.

டெய்லர்: மூணு சனிக்கிழமையா விடாத காய்ச்சல்!

மேடம்: சின்னப் பிள்ளைங்கன்னா அப்படித்தான்...

டெய்லர்: வாசலைப் பார்த்துப் பார்த்துக் கண்ணு பூத்துப்போச்சு மேடம். அவ பழைய கவுன் ஒண்ணு வீட்ல இருக்கு. மடிப்பைப் பிரிச்சு நீளமாக்குறேன். எவ்வளவு வளர்ந்திருப்பாளோ... குத்துமதிப்பாத்தான் தைக்கிறேன்.

மேடம்: பொறுங்க. சந்தேகம்னு வந்துட்டா சட்டம் முதல்ல குழந்தையைத்தான் பார்க்கும். அடுத்த மாசம் விசாரணை. நீங்க அடிச்சீங்கன்னு பிள்ளை சொல்றது பொய்னு உங்க வக்கீல்தான் எழுதிக் குடுத்துட்டாரே.

டெய்லர்: அது... அவளுக்குத் தெரியுமா?

மேடம்: யாரோ சொல்லிட்டாங்க. "நான் பொய் சொல்லலை"ன்னு டீச்சர்கிட்ட ஒரே அழுகையாம்.

டெய்லர்: ...எழுதிக்கோங்க மேடம்.

மேடம்: எதை?

டெய்லர்: மர ஸ்கேலால அடிச்சேன். ஒரு தடவை இல்ல, பல தடவை. துணியைக் கெடுத்துட்டா, சத்தம் போட்டான்னு... அவ டீச்சர்கிட்ட சொன்னது அத்தனையும் நிஜம்!

மேடம்: ஐயோ... யோசிச்சுப் பேசுங்க. எழுதிட்டா அழிக்க முடியாது. இந்த ஒரு மணி நேரமும் உங்க கையை விட்டுப் போயிடும்.

டெய்லர்: தெரியும். எழுதுங்க!

மேடம்: ஏன் இப்படிக் கத்துறீங்க? பக்கத்துலதானே இருக்கேன்?

டெய்லர்: உங்களுக்காக இல்ல மேடம். அந்தக் கதவுக்கு அடியில பாருங்க, ரெண்டு ஷூ. ஒண்ணுல வெள்ளைக் கயிறு, ஒண்ணுல நீலம். அறுந்த அன்னைக்கு நான்தான் கோத்துவிட்டேன். மூணு சனிக்கிழமையும் அவ அங்கேயேதான் வந்து நிக்குறா. என் மனசு நோகக் கூடாதுன்னு நீங்க காய்ச்சல்னீங்க, நானும் தெரியாத மாதிரி இருந்தேன். பயமா இருந்தா அவ உள்ள வர வேண்டாம் மேடம்... ஆனா அவ பொய்க்காரி இல்லைன்னு என் வாயால அவ காதுல விழணும்.