காலிக் குப்பி கொடுத்தால் பணம் திரும்பும்

பெருமாள்மலையில் ஃப்ரிட்ஜ் வாங்கியவன் என்று ஊரே என்னைக் கேலி செய்தது. ஜன்னலைத் திறந்துவைத்தாலே பால் கெடாத ஊரில் இது எதற்கு என்பார்கள். தடுப்பூசி மருந்தைக் குளிரில் வைக்க வேண்டும் என்று பொறுமையாக எடுத்துச் சொல்வேன். இன்ஸ்பெக்டர் ஐயா, நான் எளிதில் கோபப்படுகிறவனில்லை. இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

பெயர் திருமலைச்சாமி. பதினெட்டு வருடமாக இதே கிளினிக்கில் கம்பவுண்டர். டாக்டர் செவ்வாயும் வெள்ளியும் மட்டும் மலையேறி வருவார். மற்ற ஐந்து நாளும் ஜனங்களுக்கு நான்தான் டாக்டர்.

நாய் கடித்தால் ஐந்து ஊசி. ஒன்று முந்நூறு ரூபாய். தோட்டத்துக் கூலிக்காரனுக்கு அது எட்ட முடியாத காசு. அதனால் இரண்டாயிரத்து மூன்றில் ஓர் அறக்கட்டளை நல்ல ஏற்பாடு ஒன்று செய்தது. நோயாளி முதலில் கைக்காசு போட்டு ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். ஐந்தும் முடிந்தபின் ரசீதையும் ஐந்து காலிக் குப்பிகளையும் கொடுத்தால் முழுப் பணமும் திரும்பி வரும். குப்பிகளைச் சரிபார்த்து, உடைத்துவிட்டு, படிவத்தில் கையெழுத்துப் போடும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள். என்னைவிட நம்பகமான ஆள் இந்த மலையில் இல்லையாம். நான் சொல்லவில்லை, அவர்களே சொன்னது.

ஜனங்கள் அந்தக் காலிக் குப்பியை ரேஷன் கார்டோடு சேர்த்துத் துணியில் முடிந்துவைத்துக் கொண்டுவருவார்கள். அதைப் போய்க் கல்லால் உடைக்க எனக்கு மனம் வரவில்லை. நல்ல கண்ணாடி. லேபிள்கூடக் கசங்கியிருக்காது.

நீங்கள் படித்தவர். கடிக்கிற நாய்க்கெல்லாம் வெறி பிடித்திருப்பதில்லை. முக்கால்வாசி, மிதித்துவிட்டதற்காகக் கடித்த நாய். அப்படியிருக்க, விலை உயர்ந்த மருந்தை எல்லார் உடம்பிலும் ஏற்றுவது வீண்தானே? முதல் ஊசிக்கு எப்போதும் அசல் மருந்துதான் போட்டேன். மனசாட்சி இல்லாதவன் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. மிச்சம் நான்குக்கும் பழைய குப்பியில் ஒரு சிட்டிகை குளுக்கோஸ் பொடி போட்டு, மூடியை ஒட்டிவைத்திருப்பேன். தண்ணீர் கலந்து ஏற்ற வேண்டியதுதான். ஊசி போடும்போது ஜனங்கள் குப்பியைப் பார்ப்பதில்லை, ஊசி முனையைத்தான் பார்ப்பார்கள்.

மூன்று வருடத்தில் முப்பத்தெட்டுப் பேர். ஒருவருக்காவது பணம் திரும்பாமல் போனதுண்டா? விசாரித்துப் பாருங்கள். யாருக்கும் ஒரு ரூபாய் நஷ்டமில்லை. எனக்கு மாடியில் இரண்டு அறை எழும்பின. சீசனுக்கு வாடகைக்கு விடுகிறோம்.

முப்பத்தேழு பேர் இன்றைக்கும் கேரட் பிடுங்கிக்கொண்டு திடமாக இருக்கிறார்கள். உங்களுக்கு மாடசாமி ஒருவன்தான் கண்ணில் படுகிறான்.

மாடசாமி சிலோனிலிருந்து வந்த குடும்பம். பூண்டியில் லோடு ஏற்றப் போனவனைக் கன்னத்தில் நாய் கடித்துவிட்டது. மனைவி மகாராணிதான் ஒவ்வொரு தடவையும் கூட்டிவருவாள்.

"பத்தியம் ஏதும் உண்டுங்களா டிஸ்பென்சர் ஐயா?" என்று கேட்டான். சிலோன் தோட்டத்தில் கம்பவுண்டரை அப்படித்தான் கூப்பிட்டுப் பழக்கம்.

"குடிக்கக் கூடாது" என்றேன்.

இருபத்தெட்டு நாளும் சொட்டுத் தொடவில்லை. அந்த வீட்டில் அப்படியொரு நிம்மதியான மாதம் இருந்ததே இல்லை என்று மகாராணி சொன்னாள். அதற்கும் நான்தான் காரணம். ஆனால் அதை யாரும் எழுதிக்கொள்வதில்லை.

ஆறாவது வாரம் தண்ணீர் டம்ளரைக் கண்டு நடுங்கினான். மூன்றாம் நாள் முடிந்துவிட்டது. காரியத்துக்கு நான் நேரில் போய் ஆயிரத்து ஐந்நூறையும் அவள் கையில் கொடுத்தேன். "காசு முழுசா வந்துருச்சுங்கய்யா" என்று கும்பிட்டாள். புருஷனை இழந்தவளுக்கு அந்த நேரத்தில் வேறு யார் பணம் கொண்டுபோய்க் கொடுத்தார்கள்?

ஒரு சின்னச் சங்கதி எனக்குத் தெரியாமல் போயிற்று. அவர்கள் குடியிருக்கும் தோட்டத்து லயத்தில் பக்கத்து வீட்டுக்காரரையும் அப்போது வேறொரு நாய் கடித்து, அவருக்கும் ஊசி நடந்துகொண்டிருந்தது. குப்பி மாறிப்போனால் பணம் வராதே என்று பயந்து, மகாராணி தன் புருஷனுடைய குப்பிகளின் அடியில் யாருக்கும் தெரியாமல் தன்னுடைய பச்சை ஸ்டிக்கர் பொட்டை ஒட்டி வைத்திருக்கிறாள். நான் லேபிளைப் பார்த்தேனே தவிர, குப்பியைத் தலைகீழாக்கிப் பார்க்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து அதே லயத்திலிருந்து தேவகுமாரி என்கிற ஒன்பது வயதுப் பெண்ணுக்கு இரண்டாவது ஊசி. தாய் வேலைக்குப் போய்விட்டதால் மகாராணி தூக்கிவந்திருந்தாள். குழந்தை அழுதது. சமாதானப்படுத்த, "இந்தா பாரு பாப்பா, குட்டி பாட்டில்" என்று குப்பியை விளக்குக்கு நேராகத் தூக்கிக் காட்டினேன். என் வாழ்க்கையில் குழந்தைகளிடம் நான் காட்டிய அன்பெல்லாம் இப்படித்தான் முடிகிறது.

மகாராணி அடியில் பார்த்தாள். பச்சைப் பொட்டு.

"நான் பொட்டு வக்கிறத விட்டு ரெண்டு மாசமாச்சுங்கய்யா. இது மட்டும் இங்க எப்படி வந்துச்சு?"

கம்பெனிக்காரன் ஒட்டியிருப்பான் என்றேன். அவள் என் கையிலிருந்த குப்பியைப் பிடுங்கி மடியில் செருகிக்கொண்டு, குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு, கீழே இறங்கிக்கொண்டிருந்த காய்கறி லாரியைக் கைகாட்டி நிறுத்தி ஏறிவிட்டாள். குழந்தைக்கு ஆஸ்பத்திரியில் எல்லா ஊசியும் புதிதாகப் போட்டார்களாம். நன்றாக இருக்கிறாள் என்கிறீர்கள். சந்தோஷம்தான். ஆனால் என்னிடமே போட்டிருந்தால் பணமும் திரும்பியிருக்கும்.

ஆம், மாடசாமிக்கு நான் போட்டது ஒரு ஊசி மருந்து, நான்கு ஊசி குளுக்கோஸ் தண்ணீர். ஒளிக்க ஒன்றுமில்லை. கையெழுத்து எங்கே போட வேண்டும்?

ஒரே ஒரு உதவி. போன வருடம் எங்கள் வீட்டு நாயே என்னைக் கெண்டைக்காலில் கடித்துவிட்டது. திண்டுக்கல் போய், நர்ஸ் என் கண் முன்னால் புதுப் பெட்டியைப் பிரிக்கச் சொல்லி, ஐந்து ஊசியும் போட்டுக்கொண்டேன். அந்தப் பணம் அறக்கட்டளையிலிருந்து இன்னும் வரவில்லை. வந்தால் என் மனைவி வடிவிடம் சேர்த்துவிடுங்கள்.

வீட்டு நாய், வெறி இல்லை என்று தெரிந்தும் ஏன் அவ்வளவு தூரம் போனாய் என்று கேட்கிறீர்கள். என்ன ஐயா கேள்வி இது. உயிர் விஷயமல்லவா.