ஏழாம் நம்பர் பலகை

– கல்லுல வெட்டறதுக்கு முந்தி இந்தத் தாளைப் பாத்தேன் சார். மத்த ஆறு பலகைக்கும் நான் எழுதின மாதிரியேதான் இருக்குது. ஏழாவதுல மட்டும் கடைசி வரியைக் காணோம்.

– காணாமப் போவல ஜெசிந்தா. நான்தான் எடுத்தேன். எடம் பத்தல.

– பத்தாத எடத்துல புதுசா ஒண்ணு பெருசா வந்து ஒக்காந்திருக்குதே. "ரயிலடிக்கு எதிரே 1931இல் தொடங்கப்பட்ட ரங்கவிலாஸ் காபி கிளப்பில் அனைத்து மக்களும் வேற்றுமையின்றி ஒன்றாக அமர்ந்து உணவருந்தினர்." இது யார் எழுதினது?

– பாரம்பரியக் குழு செயலாளர் சீனுவாசன், நான்தான் எழுதினேன். கிளப் எங்க தாத்தாவோடதும்மா. எனக்குத் தெரியாதா?

– நான் எழுதினதையும் ஒருவாட்டி கேட்டுக்குங்க. "ஒடுக்கப்பட்ட சாதியினருக்குப் பின்புற ஜன்னல் வழியே கொட்டாங்குச்சியில் காபி ஊற்றப்பட்டது." எட்டே வார்த்தை. எடம் மிச்சம்.

– ஞாயித்துக்கெழம கலெக்டர் வந்து தொறக்கப் போற கல்லு. வெளியூர் ஜனம் ரயிலை விட்டு எறங்கினதும் மொதல்ல படிக்கறது இதுதான். பாசிட்டிவா இருக்கணும்.

– சார், காபி சாப்புடுங்க. டிக்காசன் எறங்கிடுச்சு.

– வேணாம் சவுரியம்மா. இப்பதான் ஆச்சு.

– தண்ணியாவது?

– எனக்கு சுகரு. தண்ணி குடிச்சா அடிக்கடி போவணும்.

– அப்ப உள்ள வந்து ஃபேனுக்குக் கீழ ஒக்காருங்க. எவ்ளோ நேரம் இப்படி வெயில்ல?

– பரவால்ல. இங்கயே காத்தாட இருக்கு.

– வுடும்மா. சாருக்கு மட்டும் காத்து வருதாம்.

– ஏ, ஜெசி! மரியாதையாப் பேசு. எங்க பரம்பரைலயே மொத மொத காலேஜுக்குப் போனது இவதான் சார். அன்னிலேர்ந்து எங்களுக்கு ஒரே பேஜாரு.

– இருக்கட்டும் சவுரியம்மா. உங்க பொண்ணு பேரையும் கல்லுல போடுறோம். தெரியுமா?

– கல்லுலயா?

– ஏழு கல்லுலயும். "ஆய்வு: செல்வி ஜெசிந்தா, எம்.ஏ." காலத்துக்கும் அழியாது.

– அதான் சார் பிரச்சினை. பொய் மேல இருக்குது, எம் பேரு கீழ இருக்குது. ரெண்டுமே அழியாது.

– ஏழாவதுல மட்டும் உன் பேரை எடுத்துடவா?

– ஐயோ, வேணாங்க சார்! அது பேசிக்கினுதான் கெடக்கும். நீங்க பேரைப் போடுங்க. எனக்கு அடுப்புல சோறு கொதிக்குது, பாத்துட்டு வர்றேன்.

– கொட்டாங்குச்சி பொய்யா சார்?

– பொய்யின்னா சொன்னேன்? ஆதாரம் இல்லைன்னேன். விழுப்புரம் போய் ஹிஸ்டரி படிச்ச பொண்ணு நீ. வாய்வார்த்தையக் கல்லுல வெட்ட முடியுமா?

– எங்க தாத்தா தாண்டவராயன் ரயில் தண்டவாளம் சரி பண்ற கேங்ல வேலை பாத்தவரு. அந்த ஜன்னலாண்ட நின்னு குடிச்சவரு. அவரே சொன்னது.

– அது வாய்வார்த்தை.

– எல்லாரும் ஒண்ணா ஒக்காந்து சாப்ட்டாங்கன்னு உங்களுக்கு யார் சொன்னது?

– எங்க அப்பா.

– அது?

– அது குடும்ப வரலாறு.

– நாலாம் நம்பர் பலகை. வெள்ளக்கார துரை குதிரை கட்டின புளியமரம். அதுக்கு யாரு சார் ஆதாரம், குதிரையா?

– ஊரே சொல்லுதும்மா.

– எங்க தெருவும் ஊர்லதான் இருக்குது.

– கோவப்படாத. எனக்கும் வருத்தந்தான். கிளப்போட சாமான் ஒண்ணாவது கெடைச்சிருந்தா இந்தப் பேச்சே வந்திருக்காது. நான் பொறக்கறதுக்கு முந்தியே ரோட்டுக்காக இடிச்சுட்டாங்க. சாப்பாட்டு ஹாலுக்கு ஒரு தேக்குக் கதவு இருந்துச்சாம். பாண்டிச்சேரியிலேர்ந்து ஆசாரி வந்து செஞ்சது. அதுல தாத்தா ஏதோ வரி செதுக்கச் சொன்னாராம்.

– என்ன வரி?

– கண்டவங்க யாரும் இப்ப இல்ல. "அனைவரும் வருக"ன்னு இருக்கும். அப்பேர்ப்பட்ட மனுசன்.

– அந்தக் கதவு கெடைச்சா ஆதாரம்னு ஒத்துக்குவீங்களா?

– கண்ண மூடிக்கினு ஒத்துக்குவேன். என் வரியும் வேணாம், உன் வரியும் வேணாம். கதவுல என்ன இருக்கோ அதை எழுத்து மாறாம வெட்டிடலாம்.

– அதை இந்தத் தாள்ல எழுதிக் கையெழுத்துப் போடுங்க.

– என்னம்மா, என்னை நம்ப மாட்டியா?

– வாய்வார்த்தை வேணாம் சார்.

– குடு. "கதவு கிடைத்தால் அதில் உள்ள வாசகமே ஏழாம் பலகையில் இடம்பெறும்." சீனுவாசன். தேதியும் போட்டாச்சு. திருப்தியா? திண்டிவனத்துல கல்லு வெட்டறவரு உளியோட ஒக்காந்திருக்காரு. நாலு மணிக்குள்ள சொல்லணும். நான் எழுதினதையே அனுப்பிடறேன்.

– அனுப்பாதீங்க. அந்தக் கதவு எங்க இருக்குதுன்னா...

– ஒரு நிமிசம்மா. அப்புறம் சொல்லு. சவுரியம்மா! தப்பா நெனைச்சுக்காதீங்க. அவசரம். பாத்ரூம் இருக்கா?

– இருக்குதுங்க சார். பின்னால, முருங்கை மரத்தாண்ட. கதவு கனமா இருக்கும், நல்லா தள்ளுங்க.

– தாப்பா போட்டீங்களா சார்?

– போட்டாச்சு, போட்டாச்சு. நீ ஏம்மா இங்க வந்து நிக்கற?

– சும்மாதான். தாளும் பேனாவும் கைல இருக்குது.

– ஏ ஜெசி, என்னாடி பண்ற அங்க? மனுசன் நிம்மதியா போவட்டும்.

– அவர் போய் அஞ்சு நிமிசம் ஆவுதும்மா. சத்தத்தையே காணோம்.

– சார்! மயக்கம் கியக்கம் வந்துச்சா? ஜல்தி ஒரு கொரல் குடுங்க!

– இல்ல சவுரியம்மா. நல்லாத்தான் இருக்கேன். இந்தக் கதவு... இது ஏது?

– எங்க மாமனாரு, இவ தாத்தா, கொண்டாந்ததுங்க. ரயிலடியாண்ட ஏதோ கிளப்பை இடிச்சாங்களாம், தலைல தூக்கிக்கினு வந்துட்டாரு. ரொம்ப நாளு வாசக்கதவா இருந்துச்சு. இரும்புக் கதவு போட்டப்புறம் இங்க மாட்டிட்டோம். ஒரு பூச்சி அரிக்கலங்க. உள்பக்கம் என்னமோ செதுக்கியிருக்கும். எனக்குப் படிக்கத் தெரியாது.

– உங்களுக்குத் தெரியுமே சார். சத்தமாப் படிங்க. எழுத்து மாறாம எழுதிக்கறேன்.

– ஜெசிந்தா...

– கல்லு வெட்டறவரு காத்துக்கினு இருக்காரு.

– "சாதி இந்துக்கள்... மட்டும்..."

– "மட்டும்." எழுதிட்டேன். அப்புறம்?

– "...உள்ளே வரவும். மற்றவர்க்குப் பின் ஜன்னல்."

– அறுபத்தஞ்சு வருசமா எங்க ஜனம்தான் இந்தக் கதவுல போய் வந்துக்கினு இருக்குது சார். அதுல எழுதியிருக்கற மாதிரியே உள்ள போன மொதோ ஆளு நீங்கதான்.