தள்ளுபடி மேசை

— வெத்துக் கவருண்ணே! ஸ்டாம்பைத் தவிர முன்பக்கம் ஒரு புள்ளிகூட இல்ல. இந்தாங்க, போட்டோவை நீங்களே பாருங்க. இதுல விலாசத்தை எப்படிப் படிச்சீங்க?

— எனக்கென்ன தெரியும் மேடம்? மெஷின் எடுத்த போட்டோ அது. எங்க மாப்பிள்ளைக்குக் கண்ணு மங்கியிருக்கும்.

— மாப்பிள்ளையா? யாரு அது?

— இந்த மெஷினைத்தான் சொல்றேன். வந்த அன்னைக்கே ஹால் முழுக்க அடைச்சுக்கிட்டு உக்காந்தாச்சு. வேளாவேளைக்குத் தீனி போடணும். கொஞ்சம் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டா கம்பெனியிலிருந்து உங்கள மாதிரி இன்ஜினியருங்க பதறியடிச்சு ஓடி வர்றீங்க. வேற என்னன்னு கூப்பிடுறதாம்?

— சரி, உங்க மாப்பிள்ளை மணிக்கு முப்பதாயிரம் தபால் பிரிக்கிறார். படிக்க முடியாததை மட்டும் அந்தச் சறுக்குல தள்ளி விடுறார். அது உங்க மேசையில வந்து விழுது. நீங்க படிச்சு, விலாசத்தைத் தட்டி விடுறீங்க. இதானே வேலை?

— இதான். அதான் தலைக்கு மேல போர்டு தொங்குதே, 'தள்ளுபடி மேசை'ன்னு. போன வாரம் ஒருத்தர் உள்ள வந்து, எத்தனை சதவீதம்னு கேட்டாரு மேடம்!

— சிரிக்க வச்சு நழுவப் பார்க்காதீங்கண்ணே. இருங்க, நான் சொல்லி முடிச்சிடுறேன். மூணு வருஷத்துல இந்த மாதிரி முப்பத்தாறு வெத்துக் கவர். மாசத்துக்கு ஒண்ணு, எப்பவும் முதல் வாரம். முப்பத்தாறுக்கும் நீங்க தட்டினது ஒரே விலாசம். அதே தெரு, அதே பதினேழாம் நம்பர் கதவு. வெத்துக் கவர்ல ஒரு தடவை குத்துமதிப்பா அடிக்கலாம். முப்பத்தாறு தடவை எப்படிண்ணே?

— மேடம், சத்தியமா அது வெத்துக் கவர் இல்ல. விலாசம் முத்து முத்தா இருந்துச்சு. கண்ணுல ஒத்திக்கலாம், அப்படி ஒரு எழுத்து.

— முத்து முத்தா இருந்தா மெஷின் படிச்சிருக்குமே! அதுக்குத்தானே அதைப் பண்ணியிருக்கோம்?

— அது வந்து... டீ சொல்லட்டுமா?

— டீ அப்புறம். அண்ணே, நான் உங்கள மாட்டி விட வரல. மத்தியானம் இந்த மெஷினுக்கு லைட்டை மாத்துறேன், கண்ணையும் சரி பண்றேன். அதுக்கு முன்னாடி தள்ளுபடி ஒவ்வொண்ணுக்கும் காரணம் எழுதியாகணும். இந்த முப்பத்தாறுக்குக் காரணம் கிடைக்கலன்னா, 'மேசையில இருக்கிறவர் தானா ஒரு விலாசம் போட்டார்'னுதான் எழுதணும். எழுதினா நாளைக்கே உங்கள இங்கருந்து எழுப்பிடுவாங்க.

— எழுப்பிடுவாங்களா?

— பின்ன? மடியில கனமில்லன்னா சொல்லிடுங்களேன்.

— கனம் இருக்கு மேடம். அதான் விஷயமே. அந்தக் கதவைக் கொஞ்சம் சாத்துங்க. மாப்பிள்ளை போடுற சத்தத்துல நான் பேசுறது எனக்கே கேட்கல.

— சாத்திட்டேன். சொல்லுங்க.

— நான்தான் மெஷினைக் கெடுத்தேன்.

— நீங்களா? எப்படி?

— இந்த மஞ்சள் பொத்தான் இருக்குல்ல, 'படிக்க இயலவில்லை'ன்னு? அந்தக் கவர் வர்றப்பல்லாம் இதை அழுத்துவேன். ஒரு தடவை இல்ல, நாலு, அஞ்சு தடவை. 'டேய் மாப்பிள்ளை, இந்தக் கையெழுத்து படிக்க முடியாத கையெழுத்து, ஞாபகம் வச்சுக்கோ, அடுத்த தடவையும் எங்கிட்டயே தள்ளு'ன்னு சொல்லி அழுத்துவேன். அப்புறமா விலாசத்தைச் சரியாத் தட்டி அனுப்பிடுவேன். மூணு வருஷமா அதுவும் சொன்ன பேச்சு கேட்குது. எதுக்கு மேடம் சிரிக்கிறீங்க?

— மன்னிச்சுக்கங்கண்ணே, அடக்க முடியல. அந்தப் பொத்தானா? அது மெஷினுக்கு எதையும் சொல்லிக் குடுக்காதுண்ணே.

— ஏன் குடுக்காது? கையேட்டுல போட்டிருக்கே, ஆறாம் பக்கம். 'ஊழியர் அழுத்துவதை இயந்திரம் நினைவில் வைக்கும்.'

— நினைவுல வைக்கும். இன்னைக்கு எத்தனை தடவை அழுத்தினீங்கன்னு எண்ணிக்கையை வைக்கும். அவ்வளவுதான். கையெழுத்து அதுக்கு ஞாபகமே இருக்காது. முன்னாடி போன கவரையே மறந்துட்டுத்தான் அடுத்ததைப் பார்க்கும்.

— அப்ப நான் அழுத்தினது?

— பொத்தான்தான் தேஞ்சிருக்கு. கையேட்டை முழுசாப் படிச்சீங்களா இல்லையா?

— படிச்சேன்னு சொல்ல முடியாது மேடம், கேட்டேன். மெஷின் வந்தப்ப தேர்வு வச்சாங்க. பாஸானவருக்கு இந்த மேசை, மத்தவங்களுக்கெல்லாம் திசைக்கு ஒருத்தரா மாத்தல். எனக்கு அப்ப கண்ணாடி மாத்த வேண்டிய நேரம், எழுத்தெல்லாம் எறும்பு ஊர்ற மாதிரி தெரியும். சாயங்காலத்துல என் மகதான் வாய்விட்டுப் படிச்சுக் காட்டினா. ஏழு பக்கம் வரைக்கும் கரெக்டா காதுல ஏறிச்சு. எட்டாம் பக்கத்துல குறட்டை. நல்லவேளை, கேள்வி எல்லாம் ஏழுக்குள்ளயே முடிஞ்சுது.

— அடப்பாவமே. அந்தக் கையேட்டை எழுதினதே நான்தாண்ணே.

— ஐயோ! கோவிச்சுக்காதீங்க மேடம். நீங்க எழுதினது நல்லாத்தான் இருந்துச்சு. தூக்கம் நல்லா வந்துச்சு.

— பரவாயில்ல, யாருமே படிக்கிறதில்ல. சரி, விஷயத்துக்கு வாங்க. பொத்தான் காரணம் இல்ல. அப்ப முதல் கவர் எப்படி இங்க வந்து விழுந்துச்சு? அதுக்கு முன்னாடி நீங்க எதையும் அழுத்தலையே?

— அதுவா... அதிர்ஷ்டம்னு நெனச்சேன். இந்த மேசையில வந்து விழுந்ததும் எடுத்து, ரெண்டு தடவை திரும்பத் திரும்பப் படிச்சேன். என் மக எழுத்து மேடம்.

— படிச்சுக் காட்டின மகளா?

— ஒரே மக. அவதான்.

— சொந்த மக எழுதின கடுதாசியை வாங்க இவ்வளவு வேலையாண்ணே? வீட்டுக்கு வந்தாப் படிச்சுக்கலாமே?

— எங்க வீட்டுக்கு எழுதமாட்டா. எதிர்வீட்டு டெய்லரம்மா பேருக்கு எழுதுவா, உள்ள இருக்கிறது எங்க வீட்டம்மாவுக்கு. வீட்டம்மாவும் மாசம் பொறந்தா, 'துணி தைக்கக் குடுத்துட்டு வரேன்'னு எதிர்வீட்டுக்குப் போவா. மூணு வருஷமா தைக்கிறாங்க, பீரோவுல ஒரு புதுத் துணியைக் காணோம்! எனக்குத் தெரியும்னு அவளுக்குத் தெரியாது.

— ஏன் இவ்வளவு மறைவு? என்ன பண்ணிட்டா உங்க மக?

— கூரியர் கம்பெனியில சேர்ந்துட்டா.

— அவ்வளவுதானா!

— அவ்வளவுதானாங்கிறீங்க? எங்கப்பா தபால் பை தூக்கினவரு. நான் முப்பது வருஷமா தபால் பிரிக்கிறேன். இங்க ஒண்ணா வேலை பார்த்தவங்களை மெஷின் வந்து மாத்தல்ல அனுப்பிட்டு, நாலு மாசம்கூட ஆகல. அந்த வயித்தெரிச்சல்ல இருக்கேன், இவ வந்து நிக்கிறா, அந்தக் கம்பெனிச் சட்டையைப் போட்டுக்கிட்டு! பார்சல் பிரிக்கிற பெல்ட்டை மேற்பார்வை பார்க்கிற வேலையாம். 'அப்பா, அங்க மெஷின் எப்படி ஓடுது தெரியுமா'ன்னு சந்தோஷமா ஆரம்பிச்சா. அந்தச் சந்தோஷத்தைப் பார்த்ததும் எனக்கு வாய் நிக்கல.

— என்ன சொன்னீங்க?

— வேண்டாம் மேடம்.

— சொல்லுங்கண்ணே.

— இனிமே உன் எழுத்துகூட என் கண்ணுல படக்கூடாதுன்னு சொன்னேன். அன்னைக்கே வேற ஊருக்கு வேலையை மாத்திக்கிட்டுப் போயிட்டா. அவ பிடிவாதம் எனக்குத் தெரியாதா? என்கிட்டருந்து போனதுதானே.

— கூரியர்ல வேலை பார்க்கிறவ, கடுதாசியைத் தபால்லயா போடுறா?

— அதான் மேடம்! அங்க அவளுக்குச் செலவே இல்லாம போகும். ஆனா ஸ்டாம்ப் ஒட்டித் தபால்ல போடுறா. அதைப் பார்த்ததும்தான் நான் இந்தப் பொத்தானைப் பிடிச்சுக்கிட்டேன். மாசத்துல ஒரு நாள் கையில வச்சுக்குவேன், ஒரு நிமிஷம். அப்புறம் அனுப்பிடுவேன்.

— பிரிச்சுப் பார்த்தீங்களா?

— சேச்சே! என்ன கேள்வி மேடம்? நான் தபால்காரன். எடை மட்டும் போடுவேன். அந்தத் தராசுல.

— எடையா? எதுக்கு?

— பதினெட்டு கிராம்னா மூணு தாள், நல்லா இருக்கா. எட்டு கிராம் வந்தா ஒரே தாள், வேலை அதிகம், இல்ல உடம்புக்கு முடியல. ஒரு மழைக்காலத்துல தொடர்ந்து மூணு மாசம் எட்டு கிராம். எனக்குச் சோறு இறங்கல. என்ன ஆச்சுன்னு வீட்டம்மாவைக் கேட்கவும் முடியாது, ஏன்னா எனக்குத்தான் ஒண்ணும் தெரியாதே! போன மாசம் முப்பத்தொரு கிராம். உள்ள கெட்டியா ஏதோ அட்டை. போட்டோவா இருக்கும். வீட்டம்மா ரெண்டு நாள் பாட்டு முணுமுணுத்துக்கிட்டே திரிஞ்சா.

— இந்த மாசம்?

— இன்னும் வரல. நீங்க லைட்டை மாத்துறதுக்குள்ள வந்துட்டா கடைசியா ஒரு தடவை... இருங்க. சறுக்குல ஏதோ விழுது.

— நான் எடுக்கிறேன். ஒண்ணு கிழிஞ்சது, ஒண்ணு மழையில நனைஞ்சது. இது...

— அதான். அதேதான்! குடுங்க மேடம்.

— ஒரு நிமிஷம். ஒரே ஒரு நிமிஷம் குடுங்கண்ணே. இது சிவப்பு மை.

— ஆமா, எப்பவும் சிவப்புதான்.

— எப்பவுமா? முப்பத்தாறும்? முதல்லயே ஏன் சொல்லல?

— அதைப் போய் எப்படி மேடம் சொல்றது? அவ கோபத்தைக் காட்டுறா. என் கண்ணுல படக்கூடாதுன்னு சொன்னவன் கண்ணுல பட்டா, சிவப்பாவே படட்டும்னு. மூணு வருஷமா ஆறாத கோபம். எனக்கு அந்த எழுத்து போதும், நிறம் எப்படி இருந்தா என்ன?

— அண்ணே, இங்க வாங்க. இந்தக் கவர்ல அஞ்சல் எண்ணுக்கு ஆறு கட்டம் அச்சடிச்சிருக்காங்களே, அது என்ன கலர்?

— சிவப்பு.

— ஏன்?

— அழகுக்கு.

— அழகுக்கு இல்லண்ணே! உள்ள எரியிற லைட் சிவப்பு லைட். அந்த வெளிச்சத்துல சிவப்பு மையும் வெள்ளைத் தாளும் மெஷினுக்கு ஒண்ணுதான். கட்டம் மறைஞ்சிடும், உள்ள எழுதின எண் மட்டும் பளிச்சுன்னு தெரியும். அதுக்காகப் பண்ணினது. அப்ப ஒருத்தர் விலாசத்தையே சிவப்புல எழுதினா?

— ஒண்ணுமே தெரியாது.

— வெத்துக் கவர்! கடவுளே, இதுதான் காரணம். எனக்கு ராவும் பகலும் மண்டை குடைஞ்சுது. அண்ணே, நீங்க மெஷினைக் கெடுக்கவே இல்ல. எழுதினவங்கதான் மெஷின் கண்ணுல மண்ணைத் தூவியிருக்காங்க.

— அவ ஏன் மெஷின் கண்ணுல... சிவப்புப் பேனா கையில இருந்திருக்கும், எழுதியிருப்பா.

— அப்படியா? கவரைத் திருப்பிப் பாருங்க.

— நான் பின்பக்கம் பார்க்கிறதில்ல மேடம். அனுப்புநர் விலாசம் இருக்கும். எங்க இருக்கான்னு தெரிஞ்சிட்டா கிளம்பிப் போகணும்னு தோணும். போய் என்ன முகத்தை வச்சுக்கிட்டு நிக்கிறது?

— அப்ப நான் பார்க்கிறேன். அனுப்புநர் விலாசம் முழுசா இருக்கு, கதவு எண்ணிலிருந்து. நீல மையிலண்ணே.

— நீலமா?

— நீலம். அவங்ககிட்ட நீலப் பேனா இருக்கு. முன்பக்கத்துக்கு மட்டும் பேனாவை மாத்தியிருக்காங்க. ஆனா எனக்கு ஒண்ணு புரியல. சிவப்பு மை மெஷினுக்குத் தெரியாதுங்கிறது வெளிய யாருக்கும் தெரியாதே. நான் அதை ஒரே ஒரு இடத்துலதான் எழுதியிருக்கேன்.

— எங்க?

— கையேட்டுல. ஒன்பதாம் பக்கம். 'சிவப்பு மையில் எழுதியது இயந்திரத்தின் கண்ணில் படாது. அது தள்ளுபடி மேசைக்கு வரும். மேசை ஊழியரின் கண்ணில் மட்டுமே படும்.'

— ஒன்பதாம் பக்கமா?

— அண்ணே? என்ன, உக்காந்துட்டீங்க? தண்ணி தரட்டுமா?

— நான்தான் எட்டாம் பக்கத்துல தூங்கிட்டேனே மேடம். அவ நிறுத்தாம படிச்சிருக்கா.

— படிச்சிருக்காங்க. நான் எழுதினதை ஒருத்தர் படிச்சிருக்காங்கன்னு இன்னைக்குத்தான் தெரியுது.

— கோபம்னு நெனச்சேனே. மூணு வருஷம். முப்பத்தாறு தடவை என் கைக்கு அனுப்பியிருக்கா, நான் எடை போட்டுக்கிட்டு இருந்திருக்கேன். மடையன்.

— விடுங்கண்ணே. ரிப்போர்ட்ல 'சிவப்பு மை'ன்னு ரெண்டே வார்த்தை எழுதுறேன். உண்மையும் அதுதானே? உங்க மேசைக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா லைட்டை மாத்தாம இருக்க முடியாது. புது லைட் எல்லா நிறத்தையும் பார்க்கும். அடுத்த மாசத்திலிருந்து இந்தக் கவர் நேரா எதிர்வீட்டுக்கே போயிடும்.

— போகட்டும் மேடம். மாத்துங்க. பின்பக்கத்துல இருக்கிற விலாசத்தை மட்டும் மெதுவாப் படிங்க, எழுதிக்கிறேன். அந்தப் பேனாவைக் கொஞ்சம் குடுங்க. இந்த மேசையில இருக்கிறதெல்லாம் சிவப்பு, எனக்கு நீலம் வேணும். நான் போடுற கடுதாசி எங்கயும் நிக்கக்கூடாது.