ஊர்ப் பேரைச் சொன்னா லாரி வரும்

ஹலோ... ஆமா, ஈப்போ மோட்டார் பட்டறைதான்... தாப்பாவிலேர்ந்து டிரங்க் காலா? குடுங்க... ஹலோ, யாரு?... நாடகக் கம்பெனி ராமையா முதலாளியா! ஆமா, ஆமா, உங்க லாரி இங்கதான் நிக்கிது. சீன் படுதா, உடுப்புப் பொட்டி எல்லாம் அதுலயே இருக்கு...

இல்லை, இன்னிக்கு வராது... கத்தாதீங்கலா. ஏழு மணிக்கு நாடகம்னா எனக்கென்ன?... பட்டறை மொதலாளி, தவுக்கே, ஊர்ல இல்லை. நான்தான் இங்க பெரிய மெக்கானிக்... பேரா? சீனி.

எந்தச் சீனியா? உங்க ராணி சீனி. எட்டு வருசம் உங்க மேடையில சேலை கட்டி அழுத சீனி. தொண்டை உடைஞ்சு பொம்பளைக் குரல் போன அன்னிக்கு, தைப்பிங் ஆஸ்பத்திரி வாசல்ல உக்கார வெச்சு, ‘மருந்து வாங்கியாறேன்டா’ன்னு போனீங்களே. வாங்கியாச்சா?...

ஆமா, ஆமா, வளந்துட்டேன். முழங்கை வரைக்கும் கிரீசு. நீங்க பூசுன அரிதாரத்தவிட இது சுளுவாப் போவுது... ‘கண்ணு’ன்னு கூப்பிடாதீங்க. உங்க பல்லுக்கு நல்லதில்லை.

கேளுங்க. மேக்னெட்டோவக் கழட்டிக் கையில வெச்சிருக்கேன். இது இல்லாம லாரி நகராது... உங்க பணம் யாருக்கு வேணும்? என் ஊர்ப் பேரைச் சொல்லுங்க... நடிக்காதீங்க! ஏழு வயசுல எங்க ஆத்தாகிட்டேயிருந்து என்னை எழுதி வாங்குனீங்கல்ல, அந்த ஊரு. ஊர்ப் பேரு தெரிஞ்சா பய ஓடிருவான்னு, ஒருத்தன் வாயிலயும் அது வராம பிரம்பால அடிச்சு மறக்கடிச்சீங்க. ஆத்தா பேரு இருளாயி. அதுக்கு மேல என்கிட்ட ஒண்ணுமில்லை.

என்ன?... இன்னொரு வாட்டி... செங்கமலபுரமா?

அடப் பாவி! அது நாலாம் சீன்ல என் வசனம்யா! காட்டுல வேடன் கேப்பான், நான் முந்தானையப் புடிச்சுக்கிட்டு ‘என் பிறந்தகம் செங்கமலபுரம்’னு அழுவேன். பொய் சொல்றதுக்காவது வேற நாடகத்துலேர்ந்து எடுக்கக் கூடாதா?... நாப்பது பசங்க, ஞாபகம் இல்லையா? சரி. மேக்னெட்டோ கிந்தா ஆத்துக்குப் போவுது. வைக்கிறேன்...

என்னது? அக்ரிமெண்டு லாரியிலயா?... நாடகப் புஸ்தகம் வைக்கிற பச்சைப் பொட்டியா. சாவி உங்க இடுப்புலயே இருக்கட்டும், என்கிட்டச் சுத்தியல் இருக்கு. அப்படியே நில்லுங்க, வெச்சுடாதீங்க!... நைனா அண்ணே! கடைய விட்டுட்டு ஓடியாங்க, ஒரு காயிதம் படிக்கணும்!

...இருக்கீங்களா? பொட்டியத் தூக்கியாந்துட்டேன்... நானா, எப்படிப் படிப்பேன்? பாட்டையும் வசனத்தையும் காதுலயே ஊதுனீங்க. ‘அ’ன்னா எப்படி இருக்கும்னு காட்டுனீங்களா? பேசாம இருங்க, பக்கத்துக் கடை நைனா முகம்மது படிக்கிறாரு... ‘சீனிப் பயல், தாயார் இருளாயி கைநாட்டு. ஊர் கருவேலம்பட்டி.’

கருவேலம்பட்டி... கருவேலம்பட்டியா...

என்னண்ணே? மூணு வருசமா? நல்லாப் பாருங்க... யோவ் ராமையா! மூணு வருசம்னுதானே எழுதியிருக்கு? எட்டு வருசம் ஆட வெச்சியேய்யா!... சோறு போட்டியா? அதான் தெரியுமே, புளிச்சோறு.

அடியில இருக்குறதத் தொடக் கூடாதா? ஏன்?... அண்ணே, அடியில என்ன? எடுங்க... கடுதாசிக் கட்டா? யார் போட்டது?...

ராமையா. ஆறு கடுதாசி இருக்கு. எல்லாத்து மேலயும் இருளாயி, கருவேலம்பட்டின்னு இருக்கு. கைநாட்டுக்காரி, யார் யார்கிட்டயோ கெஞ்சி எழுதி வாங்கிப் போட்டிருக்கா. நீ ஒண்ணைக்கூடப் பிரிக்கல... மறந்துட்டியா? ஆறு தடவையும் மறந்துட்டியா?

லாரியா? மேக்னெட்டோவ மாட்டிக் குடுத்துருவேன், ஆள் அனுப்பி எடுத்துக்க. படுதா வரும், கிரீடம் வரும். பச்சைப் பொட்டி வராது... போலீசா? தாராளமாக் கூட்டிட்டு வா. இப்ப உன்கிட்ட ஆடுற பசங்க காயிதமும் இதுலதான் கெடக்கு. நாளைக்குத் தாப்பாவுக்கு வாரேன். ஒவ்வொருத்தனையா நிக்க வெச்சு, நைனா அண்ணனை விட்டு ஊர்ப் பேரைப் படிச்சுக் காட்ட வைக்கிறேன்...

யாரு, எக்ஸ்சேஞ்சா? மறுபடியும் மூணு நிமிசம் ஆயிருச்சா?... இல்லைங்க, நீட்ட வேணாம். அவரு கத்திக்கிட்டே இருக்கட்டும், நீங்க வெட்டிடுங்க.

நைனா அண்ணே, இப்படி வெளிச்சத்துல உக்காருங்க. எது மொதக் கடுதாசி?