மருமகன் நிறுத்திய ரயில்

குமுளி பஸ் ஸ்டாண்டில் ஏலக்காய்க் கடைக்காரர் ஒருவர், லேகியச் சட்டியை மடியில் வைத்த தோட்டத்து அம்மா ஒருவர், அப்புறம் நான்.

மகள் பிரசவத்துக்கு அந்த அம்மா பாலக்காடு போகிறார். திண்டுக்கல்லில் ரயில் ஏற வேண்டும். சம்பள உயர்வு கேட்டு ரயில்காரர்கள் ஸ்ட்ரைக்.

"மாசச் சம்பளக்காரனுக்கு என்ன கேடு?" என்றார் கடைக்காரர்.

"எம் மருமகனும் அதுலதாண்ணே இருக்காரு. தண்டவாள வேலை."

"மாமியா வரக் கூடாதுன்னே நிறுத்திட்டாரோ?"

அந்த அம்மா சிரித்தார். "அரிசி விக்கிற விலைக்குப் பத்தலண்ணே. கூலி கேட்டு நாங்க ரோட்டுல உக்காந்தப்ப, பஸ்ஸுல வந்த சனம் இறங்கி நடந்துச்சு. ஒருத்தரும் ஏசல."

"அப்ப எப்படிப் போவீக?"

"பஸ்ஸுலதான். கம்பம், திண்டுக்கல், பொள்ளாச்சி, பாலக்காடு."

கம்பம் பஸ் வந்தது. கடைக்காரர் சட்டியை வாங்கி உள்ளே வைத்தார்.

"இது போக எத்தனை பஸ்ஸு, அக்கா?" என்று கேட்டார்.

"மூணு."